செரங்கெட்டிப் பெரும்புல்வெளி

சபாரி என்னும் சொல் இக்காலத்தே உலகமெங்கும் வழங்குவதாயினும், அதன் பிறப்பிடம் கிழக்காப்பிரிக்கக் கடற்கரையே ஆகும். அக்கரையிற் பேசப்படும் சுவாகிலி மொழியில் அதற்குப் பிரயாணம் என்பதே பொருள். அறபு வணிகர் கொணர்ந்த 'சபர்' என்னும் சொல் ஆண்டுச் சென்று அவ்வாறு திரிந்தது. வட இந்திய மொழிகளிற் பயணத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே ஆதலின், நம் நாட்டார்க்கு இது முற்றும் அயலான சொல் அன்று. முற்காலத்தில் யானைத் தந்தத்தையும் அடிமைகளையும் நாடி உள்நாட்டிற்குச் சென்ற சுமையாட்களின் நெடிய வரிசையே சபாரி எனப்பட்டது. பின்னர் ஐரோப்பியத் துரைமார் துப்பாக்கியுடன் வேட்டைக்குப் புறப்படுவது சபாரியாயிற்று. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியினின்று நீங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ஆம் ஆண்டில் தம் மகனுடன் அவ்வாறு சென்று, இருவருமாக 500-க்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். பொருட்காட்சிச் சாலைகளின் பொருட்டே அவ்வாறு செய்ததாக அவர் கூறினர். இன்று துப்பாக்கியின் இடத்தைப் படப்பெட்டி பெற்றுள்ளது. ஆயினும் வேட்டைக்காரர் விட்டுச்சென்ற எச்சம் ஒன்று இன்னும் நிலவுகின்றது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்னும் ஐந்தனையும் 'ஐம்பெரும் விலங்குகள்' என்று கூறி, அவற்றைக் கண்டுவிட்டால் வந்த காரியம் முடிந்ததென்று மகிழ்வார் பலர். காலால் நடந்து வேட்டையாடுங்கால் ஆளைக் கொல்லத்தக்க கொடுமையுடையன எவை என்று வேட்டைக்காரர் வகுத்த கணக்கே அது. காண்பதற்கு இனியவை எவை என்னும் கணக்கன்று. அவ்வைந்தனுள் இடம்பெறாத ஒரு விலங்கே அப்புல்வெளியின் உயிர்நாடி என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

யாம் பிப்ரவரித் திங்களில் ஆண்டுச் சென்று ஐந்து நாட்கள் தங்கிக் கண்டவற்றையும், ஆராய்ச்சியாளர் பல்லாண்டு உழைத்து வெளியிட்டவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

செரங்கெட்டி தேசியப் பூங்கா தான்சானியா நாட்டின் வடபால் உள்ளது. அதன் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றவுடன் பாத்தியும் பூஞ்செடியும் வேலியும் நினைவிற்கு வருதல் இயல்பு. இங்கு அவை ஒன்றும் இல. தென்கிழக்கே 8,292 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இங்கொரொங்கோரோ காப்புநிலமும், வடக்கே கென்ய நாட்டின் மசாய் மாரா காப்பகமும் இதனோடு இடையறவின்றிப் பொருந்தியுள்ளன. விலங்குகளுக்கு இவை மூன்றும் ஒரே வீடு. எல்லைக்கோடு மனிதர்க்கே உரியது. செரங்கெட்டி என்பது மசாய் மொழியில் முடிவின்றிப் பரந்த வெளி என்று பொருள்படும். 1951-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியில் டங்கனீகா என்னும் பெயருடன் அந்நாடு இருந்தபொழுது, இது தேசியப் பூங்காவாயிற்று. 1981-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அருஷா நகரினின்று புறப்பட்டு மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, காப்பித் தோட்டங்களையும் சிறு நகர்களையும் கடந்து மலையேறி, இங்கொரொங்கோரோவின் விளிம்பை அடைகின்றது. பண்டு ஓர் எரிமலை உள்ளீடற்றுத் தன்னுள்ளேயே இடிந்து வீழ்ந்தமையால் உண்டான பெருங்குழி இது. விளிம்பினின்று நோக்கின் 600 மீட்டர் ஆழத்தில், 260 சதுர கிலோமீட்டர் அளவுள்ள வட்டமான சமவெளி ஒன்று தோன்றும். முதலிற் காண்பார்க்கு அது ஆளில்லாப் பசுந்தரை போலவே இருக்கும். கண் பழகியபின், தரையிற் சிதறிய கருமிளகு போன்ற புள்ளிகள் அசைவது புலனாகும். அவை எருமைக் கூட்டங்கள் என்று உடன் வந்தார் கூறக் கேட்ட பின்னரே அக்குழியின் பெருமை உள்ளத்திற் படும். கருங்காண்டாமிருகத்தைக் காண விரும்புவார்க்கு இக்குழியே தக்க இடம். ஆப்பிரிக்கா முழுமையிலும் 1970-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 65,000 இருந்த அவ்விலங்கு, கொம்பிற்காகக் கொல்லப்பட்டு 1995-இல் 2,500-க்கும் குறைந்தது. காவலின் பயனாக இன்று 6,000-ஐக் கடந்துள்ளது. யாம் கண்டது ஒன்றே. அதுவும் நெடுந்தொலைவிற் படுத்திருந்தது. கற்பாறை என்றே ஒருவர் வாதித்தனர். அப்பாறை காதசைத்தமையால் வாதம் முடிந்தது.

குழியின் விளிம்பைக் கடந்து மேற்கே இறங்கினால் மரமே இல்லாத சிறுபுல் வெளி தொடங்குகின்றது. மழை பெய்யும் நாட்டில் மரம் ஏன் இல்லை என்று கேட்கலாம். காரணம் நிலத்தடியில் உள்ளது. இங்கொரொங்கோரோவைச் சூழ்ந்த எரிமலைகள் ஊழூழியாகக் கக்கிய சாம்பல் காற்றால் வாரப்பட்டு இவ்வெளியிற் படிந்தது. அவற்றுள் ஒல் டொய்ன்யோ லெங்காய் என்னும் மலை இன்றும் அவியாதது. மசாய் மக்கள் அதனைக் கடவுளின் மலை என்று போற்றுப. சாம்பலிலுள்ள சுண்ணாம்பு மழைநீரிற் கரைந்து கீழிறங்கிச் சிறிது ஆழத்திற் கல்போல் இறுகிவிட்டது. மரத்தின் வேர் அதனைத் துளைத்துச் செல்லமாட்டாது. புல்லின் வேரோ அதற்கு மேலேயே நின்றுவிடும். ஆகவே மரம் இல்லையாயிற்று. ஆயின் அப்புல்லில் சுண்ணச்சத்தும் பாஸ்பரமும் மிகுதி. பால் சுரக்கும் தாய்விலங்கிற்கும் எலும்பு வளரும் கன்றிற்கும் இவை இன்றியமையாதன. எரிமலை கக்கிய சாம்பல் பாலாகும் வகை இதுவே.

மேற்கேயும் வடக்கேயும் செல்லச் செல்ல மண் ஆழமாகின்றது; மரங்களும் தோன்றுகின்றன. குடை விரித்தாற்போல மேற்பரப்புத் தட்டையாய் நிற்கும் வேல மரங்களே அவற்றுட் பல. திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் செம்மண் தேரிகளிற் குடைவேல மரத்தைக் கண்டார்க்கு இவை புதியனவாகத் தோன்றா; இரண்டும் நெருங்கிய இனத்தனவே. இடையிடையே உருண்டைக் கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குன்றுகள் தீவுகள் போல நிற்கின்றன. சிங்கம் கன்று காக்கும் இடமும், வெயிற்குச் சாயும் இடமும் அவையே.

செலவின் முறை யாதெனின், கூரையைத் திறந்து எழுந்து நின்று காணத்தக்க மோட்டார் வண்டியிற் காலை விடியுமுன் புறப்படுதல் வேண்டும். குறித்த இடமன்றி வேறிடத்து இறங்குதல் கூடாது. பொழுது சாய்ந்தபின் வண்டி ஓட்டுதல் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் கூடாது. விலங்குகள் வண்டியைக் கண்டு பெரும்பாலும் அஞ்சுவதில்லை. ஆயின் ஒருவன் காலைத் தரையில் வைத்தானாயின், அதுகாறும் உறங்கிக்கிடந்த சிங்கம் தலை நிமிரும். கருநீலமும் கறுப்பும் ஆகிய உடைகளை விலக்குதல் நன்று. செட்செ என்னும் கடிக்கும் ஈ அந்நிறங்களை நாடி வரும். மனிதர்க்கு உறக்க நோயையும் மாட்டிற்கு ஒருவகை நலிவையும் பரப்புவது அவ்வீயே. வரிக்குதிரையின் கோடுகள் ஈக்களைத் தடுமாறச் செய்து, உடல்மேல் அமரவொட்டாமற் செய்கின்றன என்று ஆராய்ச்சியாளர் சோதித்துக் கண்டுள்ளனர். அக்கோடுகள் எமக்கும் இருந்திருப்பின் நலமாயிருக்கும் என்று எம்முள் ஒருவர் அன்று முழுதும் கூறிக்கொண்டிருந்தார்.

இனி, முன்னர்க் குறித்த அவ்விலங்கைப் பற்றிக் கூறுவோம். அதற்குத் தமிழிற் பெயரில்லை. தென்னாப்பிரிக்காவிற் குடியேறிய டச்சுக்காரர் காட்டுமாடு என்னும் பொருளில் வில்டபீஸ்ட் என்று அழைத்த பெயரே யாண்டும் நிலைத்துவிட்டது. பெயர் அவ்வாறாயினும் அது மாடன்று. நம் நாட்டுப் புல்வாய் போன்ற இரலை இனத்தைச் சேர்ந்தது. மாட்டின் கொம்பும், ஆட்டின் தாடியும், குதிரையின் வாலும், முன்னுயர்ந்து பின்தாழ்ந்த முதுகும் உடையது. பிற விலங்குகளைப் படைத்தபின் எஞ்சிய உறுப்புக்களைச் சேர்த்து இதனைப் படைத்தனர் என்பது அந்நாட்டார் கூறும் வேடிக்கை. அழகற்ற இவ்விலங்கு செரங்கெட்டியில் 13 லட்சம் அளவில் உள்ளது. ஏறக்குறைய 2 லட்சம் வரிக்குதிரைகளும், லட்சக்கணக்கான சிறுமான்களும் இதனோடு உடன் செல்கின்றன.

இவை ஓரிடத்தில் நிலைத்திரா. மழையும் புல்லும் செல்லும் வழியே ஆண்டு முழுதும் ஒரு பெருவட்டமாகச் சுற்றிவருகின்றன. டிசம்பர் முதல் மார்ச்சு அல்லது ஏப்பிரல் வரை தெற்கேயுள்ள சிறுபுல் வெளியில் மேயும். அங்கு மழை ஓய்ந்து நீர் வற்றியதும், மே, ஜூன் திங்களில் வடமேற்காகத் திரும்பிக் குருமேத்தி ஆற்றை அடையும். ஜூலைக்குப் பின் வடகோடியிலுள்ள மாரா ஆற்றைக் கடந்து கென்ய நாட்டிற் புகும். ஏனை இடமெல்லாம் வறண்ட காலத்தும் அங்குப் புல்லும் நீரும் உண்டு. நவம்பரில் தெற்கே இடி முழங்கத் தொடங்கியதும் மீண்டும் தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கே நீர் வற்றாதிருப்பவும் தெற்கே மீள்வதற்குக் காரணம், முன்கூறிய சாம்பல் நிலத்துப் புல்லின் சத்தே.

மாரா ஆற்றைக் கடத்தலே இவ்வட்டத்தின் கொடிய பகுதி. யாம் சென்ற காலம் வேறாதலின் அக்காட்சி எமக்கு வாய்த்திலது. முதலைகள் பிடிப்பன சிலவே. செங்குத்தான கரையில் நெரிசலுற்றும், வெள்ளத்தின் வேகத்தால் அடித்துச் செல்லப்பட்டும் மடிவனவே பல. 2001 முதல் 2015 வரை நடந்த கணக்கெடுப்பின்படி ஆண்டிற்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் அவ்வாற்றில் மூழ்கி இறந்தன. அவ்வுடல்களின் நிறை 1,100 டன் ஆகும். கழுகும் நாரையும் மீனும் அவற்றை உண்கின்றன. எலும்புகள் ஆற்றின் அடியிற் கிடந்து ஏறத்தாழ ஏழாண்டு சிறிது சிறிதாகக் கரைந்து நீருக்கு உரமாகின்றன.

கூட்டமாக மேய்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உயர்ந்து முற்றிய புல்லின் தாளை வரிக்குதிரை முதலில் தின்னும். அதன் வயிறு அத்தகைய முரட்டுத் தீனியையும் ஏற்கும். தாள் நீங்கியபின் வெளிப்படும் இலைகளை வில்டபீஸ்ட் மேயும். அதன்பின் தரையை ஒட்டித் துளிர்க்கும் இளந்தளிரைச் சிறுமான்கள் கொறிக்கும். ஒன்று உண்டது மற்றொன்றிற்கு இடையூறாகாமல் உதவியாகவே முடிகின்றது.

பிப்ரவரியே கன்று ஈனும் பருவம். சில லட்சம் தாய்களும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒருங்கே ஈனுகின்றன. ஆண்டு முழுதும் பரவலாக ஈன்றால், பிறக்குங் கன்று ஒவ்வொன்றையும் கழுதைப்புலியும் சிங்கமும் கொன்றொழிக்கும். ஒரே காலத்திற் பல்லாயிரம் கன்றுகள் பிறந்தால் அவ்வளவையும் உண்ண அவற்றிற்கு வயிறில்லை. ஆதலின் கூட்டத்தோடு பிறந்தது பிழைக்கும். முந்தியும் பிந்தியும் பிறந்தது பெரும்பாலும் மடியும்.

யாம் கண்ட ஒன்றை ஈண்டுக் குறிப்போம். வண்டிக்கு முன்னே ஐம்பது அடித் தொலைவில் ஒரு தாய் படுத்தெழுந்து, மீண்டும் படுத்துக் கன்றை ஈன்றது. கன்று எழ முயன்று மும்முறை மூக்குத் தரையிற்பட வீழ்ந்தது. கைக்கடிகாரத்தை நோக்கியிருந்தோம். ஏழாம் நிமிடத்தில் நான்கு காலும் ஊன்றி நின்றது. மேலும் சிறிது பொழுதில் தாயின் பின்னே ஓடலாயிற்று. யாம் மகிழ்ந்து கைகொட்டினோம். அவ்வளவில் இடப்புறத்தினின்று மற்றொரு கன்று எம் வண்டியை நோக்கி வந்தது. அது தாயைப் பிரிந்தது. அசையும் பெரும் பொருள் எதுவாயினும் அதனைப் பின்தொடர்வது அக்கன்றுகளின் இயல்பாம். வண்டியின் சக்கரத்தருகே நின்று அது கத்தியது. ஏற்றிச் சென்று கூட்டத்தில் விடலாகாதா என்று கேட்டோம். வண்டியோட்டி மறுத்துவிட்டார். மனிதர் கைபட்டால் மணம் மாறிவிடும். தன் கன்றை மணத்தால் அறியும் தாய் அதனை ஏற்காது. அன்றியும் விதி இடந்தராது என்றார். பின்னர் அவர் வண்டியை மிக மெல்ல, நடைவேகத்தினும் குறைவாக, அண்மையிலிருந்த கூட்டத்தருகே செலுத்தினார், கன்றும் பின்தொடர்ந்தது. அங்கு எஞ்சினை நிறுத்தினார். கன்று சிறிது நின்று, கூட்டத்தினுட் புகுந்தது. ஒவ்வொரு தாயாக அதனை முகர்ந்து முட்டி விலக்குவதையே யாம் கண்டோம். பின்பு கூட்டம் நகர்ந்துவிட்டது.

ஊனுண்ணிகளுள் சிங்கத்திற்கு அரசப் பட்டமும், கழுதைப்புலிக்குக் கள்வன் பட்டமும் உலகம் கொடுத்துள்ளது. ஆராய்ச்சியில் இக்கருத்து நிலைபெறவில்லை. புள்ளிக் கழுதைப்புலி தான் உண்பதிற் பெரும்பகுதியைத் தானே ஓடிப் பிடித்துக் கொல்கின்றது என்பதை ஹான்ஸ் க்ரூக் என்பார் 1960-களில் இரவெல்லாம் பின்தொடர்ந்து சென்று கண்டு நிறுவினார். இங்கொரொங்கோரோக் குழியில் அது கொன்றதைச் சிங்கம் விரட்டிப் பறித்துண்பதே மிகுதி. விடிந்தபின் வரும் மனிதர், சிங்கம் தின்பதையும் கழுதைப்புலி சூழ்ந்து நிற்பதையும் கண்டு தலைகீழாகப் பொருள் கொண்டனர். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை உறங்கியும் சோம்பியும் கிடப்பது; வேட்டையிற் பெரும்பங்கு பெண் சிங்கங்களுடையது. செரங்கெட்டியிற் சிங்கங்கள் ஏறக்குறைய 3,000 உள. 1994-ஆம் ஆண்டில் நாய்களுக்கு வரும் ஒருவகைக் காய்ச்சல் சுற்றூர் நாய்களினின்று பரவி, அவற்றுள் மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. அதன்பின் ஊர் நாய்களுக்கு ஊசி போடுதல் சிங்கக் காவலின் ஒரு பகுதியாயிற்று.

மூன்றாவதாகச் சிவிங்கி. இதனைச் சிறுத்தையென மயங்குவார் உளர். உடல் மெலிந்து, கால் நீண்டு, கண்ணினின்று வாயளவும் கருங்கோடு உடையது சிவிங்கி. நெடுங்கழுத்து விலங்கை நம்மவர் ஒட்டகச்சிவிங்கி என்றது, ஒட்டகத்தின் வடிவும் சிவிங்கியின் புள்ளியும் ஒருங்குடைமை பற்றியே. வேகத்திற் சிவிங்கிக்கு இணையான நிலவிலங்கு இல்லை. ஆயின் அவ்வேகத்தாற் பெற்ற இரையைச் சிங்கமோ கழுதைப்புலியோ வந்து பறித்துக்கொண்டால் எதிர்க்க வலியின்றி விட்டுச்செல்லும். இவ்வினம் நம் நாட்டிலும் இருந்தது. அரசர் வேட்டைக்குப் பழக்கினர். இந்தியாவில் அற்றுப்போயிற்றென்று 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவினின்று எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவினின்று பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டிற்குக் கொணரப்பட்டன.

இங்ஙனம் காணுமிடமெல்லாம் விலங்கு நிறைந்திருத்தலைக் காண்பவர், இது படைப்புக்காலந்தொட்டு மாறாத காட்சி என்று எண்ணுவர். எம் எண்ணமும் முதலில் அதுவே. உண்மை வேறு. 1887-ஆம் ஆண்டில் இத்தாலியப் படையினர் செங்கடற்கரையிலுள்ள மசாவா துறைமுகத்திற்கு மாடுகளை இறக்குமதி செய்தனர். அவற்றோடு வெக்கை நோயும் இறங்கிற்று. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் எனப்படுவது அதுவே. அம்மாடுகள் இந்தியாவினின்று சென்றவை என்பது பலர் கொள்கை. எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லாத ஆப்பிரிக்க மாடுகளில் அந்நோய் தீப்போலப் பரவிப் பத்தாண்டிற்குள் கண்டத்தின் தென்கோடியை எட்டியது. மசாய் மக்கள் வாழ்வே மாடுகளால் ஆனது. பாலும் குருதியும் இறைச்சியும் அவர் உணவு. நூற்றிற்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட மாடுகள் மடிந்தன. பஞ்சமும் அம்மையும் உடன் வந்தன. 1892-இல் அவ்வழியே சென்ற ஆஸ்கர் பௌமன் என்னும் ஆஸ்திரியர், எலும்புந் தோலுமாய் நடக்கமாட்டாமல் வந்த பெண்டிரையும் சிறாரையும் கண்டு எழுதிவைத்துள்ளார். வில்டபீஸ்டும் எருமையும் அவ்வாறே மாண்டன. மேய்வாரின்றிப் புதர் வளர்ந்தது. புதரைத் தொடர்ந்து செட்செ ஈ வந்தது. ஈக்கு அஞ்சி, எஞ்சிய மக்களும் மாட்டை ஓட்டிக்கொண்டு விலகினர். அதன்பின் வந்த ஐரோப்பியர், ஆளில்லாத அந்நிலத்தைக் கண்டு மனிதர் காலடி படாத ஆதிவனம் என்று எழுதினர். கொள்ளைநோயால் ஒழிந்த வீட்டை எக்காலத்தும் குடியில்லாத வீடு என்று கருதியதற்கு இது ஒப்பாகும்.

இதன் மறுபகுதி மகிழ்ச்சி தருவது. பூங்காவைச் சூழ்ந்த ஊர்களில் மாடுகளுக்கு 1950-களின் இறுதி தொடங்கி ஊசி போட்டனர். கென்யாவில் இருந்து உழைத்த வால்ட்டர் ப்ளோரைட் என்னும் ஆங்கில விலங்கு மருத்துவர் உருவாக்கிய தடுப்பு மருந்து இவ்வகையிற் சிறந்தது. காட்டு விலங்கு ஒன்றற்கும் ஊசி போட்டிலர். ஆயினும் மாட்டில் நோய் நீங்கவே காட்டிலும் நீங்கிற்று. அந்நோய் இத்தனைக் காலமும் மாட்டினின்றே காட்டிற்குச் சென்றதென்பது இதனால் தெளிவாயிற்று. 1961-இல் ஏறக்குறைய இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1977-இல் 13 லட்சத்தைக் கடந்தது. அவை புல்லை மேய்ந்து குறைத்தமையால் ஆண்டுதோறும் எரியும் காட்டுத்தீ குறைந்தது. தீ குறையவே வேலங்கன்றுகள் பிழைத்து மரமாயின. மரம் பெருகவே ஒட்டகச்சிவிங்கிக்கு இரை பெருகிற்று. மாட்டிற்கு இட்ட ஊசி மரத்தை வளர்த்த கதை இது. 2011-ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகத்தினின்று அறவே ஒழிந்ததென்று அறிவித்தனர். பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதர் முற்றும் ஒழித்த நோய் இதுவொன்றே.

விலங்கின் கதை இவ்வாறு நன்கு முடிந்தது. மக்கள் கதை இன்னும் முடிந்தபாடில்லை. பூங்கா அமைந்தபொழுது அங்கு மசாய் மக்கள் மாடு மேய்த்துவந்தனர். மனிதரும் மாடும் இருக்கும்வரை விலங்கு வாழாது என்னும் கொள்கை அக்காலத்து வலிமை பெற்றிருந்தது. விமானத்திற் பறந்து விலங்குகளை எண்ணிய பெர்ன்ஹார்ட் கிரிசிமெக் என்னும் செருமானியரும் அக்கொள்கையினரே. அவர் மகன் மைக்கேல் அவ்வேலையிலேயே 1959 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தனர். இங்கொரொங்கோரோ விளிம்பில் அவர் கல்லறை உளது. செரங்கெட்டி அழியலாகாது என்று அவ்விருவரும் எடுத்த திரைப்படம் உலகத்தார் நெஞ்சை ஈர்த்தது. அவர் தொண்டின் பெருமையை மறுப்பாரில்லை. ஆயின் அப்படத்தைக் கண்டு கண்ணீர் சொரிந்தவருட் பலர், அவ்வாண்டிலேயே மசாய் மக்கள் செரங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டதை அறியார். 1958-இல் முதியோர் பன்னிருவர் கையொப்பமிட்ட உடன்படிக்கையின்படி அவர்கள் வெளியேறினர். ஈடாக, இங்கொரொங்கோரோ காப்புநிலத்தில் மாட்டோடு வாழ்ந்துகொள்ளலாம் என்றும், விலங்கின் நலனும் மக்கள் நலனும் முரணுமாயின் மக்கள் நலனே முற்படும் என்றும் ஆங்கிலேய ஆளுநர் அவர்கள் சபையில் உறுதி கூறினர்.

அன்று அங்கு 8,000 பேர் அளவில் இருந்தனர். பின்னர் அத்தொகை ஒரு லட்சத்தை அணுகிற்று. மாடும் ஆடும் பெருகின. பயிரிடலை 1975-இல் அரசினர் தடுத்தனர். நிலம் இத்தனை பேரைத் தாங்காது என்பது அரசின் கூற்று. எம் முன்னோர்க்குக் கொடுத்த வாக்கு எங்கே என்பது மக்கள் கூற்று. 2022 முதல் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சொமேரா என்னும் ஊருக்குக் குடும்பங்கள் அனுப்பப்படுகின்றன. தாமே விரும்பிச் செல்கின்றனர் என்று அரசினரும், பள்ளியும் மருத்துவமனையும் தேய விட்டு விரும்பச் செய்தனர் என்று மறுப்போரும் கூறுகின்றனர். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான மசாய் மக்கள் செங்கம்பளத்தைப் போர்த்துச் சாலையில் நின்று சபாரி வண்டிகளை மறித்தனர்.

எம் வண்டியோட்டியும் அக்குலத்தவரே. அவருடைய பாட்டனார் 1959-இற் செரங்கெட்டியினின்று மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர். ஒரு நாள் பிற்பகல், சிங்கங்கள் படுத்திருந்த பாறைக் குன்றின் எதிரே எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் எம்மை நோக்கி, "ஐயா, உங்கள் நாட்டிலும் சிங்கம் உண்டென்று கேட்டிருக்கிறேன். அங்கு மாடு மேய்ப்பவரை என் செய்தீர்கள்?" என்று வினவினார். கூர்ச்சரத்துக் கீர்க் காட்டைப் பற்றிக் கூறினோம். மால்தாரிகள் எனப்படும் இடையர் அங்கு எருமை மேய்ப்பதையும், 1970-களிற் பல குடும்பங்களை வெளியேற்றியதையும், ஏனையோர் சிங்கத்தினிடையே இன்றும் வாழ்வதையும், 2025-ஆம் ஆண்டுக் கணக்கிற் சிங்கங்கள் 891 ஆனதையும் சொன்னோம். அவர் சிறிதுபோது பேசாதிருந்து, "எருமையைச் சிங்கம் கொன்றால் பணம் கொடுக்கிறார்களா?" என்று கேட்டார். அரசினர் ஒரு தொகை அளிப்பதுண்டு என்றோம். "மாட்டின் விலைக்கு ஈடாக இருக்கிறதா?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. பாறைமேல் ஒரு சிங்கம் புரண்டு படுத்தது; அவர் வண்டியை எடுத்தார்.

அவர் தம் தொழிலை வெறுப்பவர் அல்லர். வண்டிகளால் வரும் பணத்தாலேயே தம் மக்களைப் பள்ளியில் வைத்திருப்பதாகக் கூறினார். சிறுத்தை எம்மரத்திற் கிடக்கும், சிவிங்கி எப்புற்றின்மேல் ஏறி நோக்கும் என்பதெல்லாம் அவர்க்கு உள்ளங்கை நெல்லி. அந்நிலத்தை அவரைப்போல் அறிந்தாரை யாம் வேறு கண்டிலோம். திரும்பும் வழியிற் காப்புநிலத்தினுள் சாலையோரத்தில் மண்ணும் சாணமும் பூசிய குடில்கள் சில தோன்றின. எம்மிடம் இசைவு கேட்டு வண்டியை நிறுத்தி, இருக்கையின் கீழ் வைத்திருந்த சர்க்கரைப் பையையும் தேயிலைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். முதியாள் ஒருத்தி குடிலினின்று வந்து அவர் தலைமேற் கைவைத்தாள். தாயார் என்று அறிந்தோம். வேலியோரத்தில் மாடுகள் பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றிற்கு நூறு அடி அப்பால் வரிக்குதிரைகள் சில மேய்ந்துகொண்டிருந்தன.